கொடைக்கானலில் வளைந்த விதி... தருமபுரியில் எரிந்த பஸ்! பதவியைப் பறிக்கும் சட்டம் யாருக்கு?

2000-ம் ஆண்டு, பிப்ரவரி 2. தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் சாலை மறியல். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா வந்திருந்த பஸ், நெரிசலில் சிக்கி நிற்கிறது. அந்த பஸ்ஸின் மீது பெட்ரோல் ஊற்றித் தீ வைக்கிறது ஒரு கும்பல். அலறியடித்துக்கொண்டு மாணவிகள் இறங்குகிறார்கள். மூன்று பேரால் இறங்க முடியவில்லை. உள்ளேயே கருகிப் போனார்கள்.

'தருமபுரி பஸ் எரிப்பு' என்றால் இன்றைக்கும் தமிழ்நாட்டுக்கே தெரியும். ஆனால், அன்று அந்த மறியல் எதற்காக நடந்தது என்று கேட்டால் பலருக்கும் சட்டென்று பதில் வராது. 'ஜெயலலிதாவுக்குத் தண்டனை கொடுத்தாங்க, அதுக்காக' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எந்த வழக்கில் தண்டனை?

அது கொடைக்கானலில் ஒரு ஹோட்டலுக்காக விதியை வளைத்த வழக்கு. கொடைக்கானல் எங்கே, தருமபுரி எங்கே! அந்த ஹோட்டலுக்கும் அந்த மாணவிகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும், அங்கே வளைந்த விதிக்கான விலையை இங்கே அவர்கள் கொடுத்தார்கள்.

இரண்டு மாடி ஏழு மாடியான கதை

கொடைக்கானலில் நினைத்த உயரத்துக்கெல்லாம் கட்டடம் கட்டிவிட முடியாது. மலைச்சரிவு, மண்ணின் தன்மை, தண்ணீர் வசதி எல்லாவற்றையும் கணக்கில் வைத்துத்தான் மலைப்பகுதிகளுக்கென்று தனிக் கட்டட விதிகள் போட்டிருக்கிறார்கள். 'ப்ளசன்ட் ஸ்டே' என்ற ஹோட்டலுக்குக் கிடைத்த அனுமதி இரண்டு தளங்களுக்குத்தான். எழும்பியதோ ஏழு தளம்.

பழனி மலைகளின் சூழலைக் காக்கப் பாடுபடும் பழனி மலைப் பாதுகாப்பு கவுன்சில் நீதிமன்றத்துக்குப் போனது. நியாயமாகப் பார்த்தால், கூடுதல் தளங்களுக்கு அரசு நோட்டீஸ் ஒட்டியிருக்க வேண்டும். நடந்தது வேறு. அந்த ஹோட்டலுக்கு மட்டும் கட்டட விதிகளிலிருந்து விலக்கு அளித்து 1994 மே மாதம் ஓர் அரசாணை வெளியானது.

அந்த அரசாணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஹோட்டல் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போயும் 1995-ல் தோல்விதான். கூடுதல் தளங்கள் நிற்கக் கூடாது என்றாகிவிட்டது.

1996-ல் ஆட்சி மாறியது. 'ஒரு தனியார் ஹோட்டல் லாபம் அடைவதற்காகப் பதவியைத் தவறாகப் பயன்படுத்தினார்கள்' என்று கிரிமினல் வழக்கு பாய்ந்தது. அரசாணை வெளியானபோது முதல்வராக இருந்த ஜெயலலிதா, உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்த டி.எம்.செல்வகணபதி, ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, ஹோட்டல் தரப்பில் இருவர் என ஐந்து பேர் மீது வழக்கு. சென்னை தனி நீதிமன்றம் 2000 பிப்ரவரி 2-ம் தேதி அவர்களைக் குற்றவாளிகள் என்றது. ஜெயலலிதாவுக்கு ஓராண்டு கடுங்காவல்.

தீர்ப்பு வந்த அன்றுதான் இலக்கியம்பட்டியில் பஸ் எரிந்தது.

தீர்ப்பு மாறியது, உயிர் திரும்பவில்லை

அதன்பிறகு இரண்டு வழக்குகளும் தனித்தனித் திசையில் போயின.

ஹோட்டல் வழக்கின் மேல்முறையீட்டில், 2001 டிசம்பர் 4-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ஜெயலலிதா உள்ளிட்டோரை விடுவித்தது. விதிவிலக்கு கொடுத்த அரசாணை செல்லாது என்பது ஒரு விஷயம். அதற்குப் பின்னால் குற்ற நோக்கம் இருந்தது என்று நிரூபிப்பது வேறு விஷயம். முதலாவதற்கு ஆணையைப் படித்தாலே போதும். இரண்டாவதற்குச் சாட்சி வேண்டும். கோட்டையில் போடப்படும் ஒரு கையெழுத்து பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் தப்பிக்கிறது.

பஸ் எரிப்பு வழக்கோ நகரவே மறுத்தது. உள்ளூர் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்ந்தார்கள். மகளைப் பறிகொடுத்த தந்தை ஒருவர் உயர் நீதிமன்றப் படியேறினார். வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டது. 2007 பிப்ரவரியில் அ.தி.மு.க-வினர் மூவருக்கு மரண தண்டனை, மேலும் 25 பேருக்குச் சிறைத் தண்டனை. 2010-ல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை உறுதி செய்தது. 2016 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர் நூற்றாண்டையொட்டி ஆயுள் கைதிகளை விடுவிக்கும் திட்டத்தின் கீழ் மூவரும் வெளியே வந்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்ததும் அவர்கள் கட்சிதான்.

கிருஷ்ணகிரியில் தள்ளுபடியான மனு

இந்த அரசியல் புயல் தருமபுரி மாவட்டத்தை இன்னொரு முறையும் தொட்டது.

டான்சி என்ற அரசு நிறுவனத்தின் கிண்டி நிலத்தை, ஜெயலலிதா பங்குதாரராக இருந்த நிறுவனங்கள் வாங்கியது தொடர்பான வழக்கில் 2000 அக்டோபர் 9-ம் தேதி தீர்ப்பு வந்தது. மூன்றாண்டுச் சிறை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்க முடியாது. இருந்தும் 2001 சட்டமன்றத் தேர்தலில் ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என நான்கு தொகுதிகளில் ஜெயலலிதா மனு போட்டார். நான்கும் தள்ளுபடி. தண்டனை பெற்றவர் என்பது முக்கியக் காரணம். இரண்டு தொகுதிகளுக்கு மேல் மனு போட்டது இன்னொரு காரணம். கிருஷ்ணகிரி அன்று தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 2004-ல்.

தேர்தலில் நிற்க முடியாதவர் முதல்வர் ஆக முடியுமா? ஆனார். அ.தி.மு.க. பெருவெற்றி பெற்றதும், 2001 மே 14-ம் தேதி ஆளுநர் பாத்திமா பீவி பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். எம்.எல்.ஏ-வாக இல்லாதவரும் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 164-வது பிரிவு சொல்கிறதே என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட நியாயம்.

உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 'எந்தத் தகுதியில் இந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறீர்கள்?' என்று பதவியில் இருப்பவரைப் பார்த்துக் கேட்கும் வழக்கு அது. சட்டத்தில் 'கோ வாரன்டோ' என்பார்கள். 2001 செப்டம்பர் 21-ம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்ன பதில் தெளிவானது: எம்.எல்.ஏ. ஆகவே தகுதி இல்லாதவர், ஆறு மாதத்துக்குக்கூட முதல்வராக இருக்க முடியாது. மக்கள் வாக்களித்துப் பெரும்பான்மை தந்திருந்தாலும் சாசனத்தைத் தாண்ட முடியாது. ஜெயலலிதா பதவி இழக்க, ஓ.பன்னீர்செல்வம் முதன்முறையாக முதல்வரானார். டிசம்பரில் டான்சி வழக்கிலும் விடுதலை கிடைத்த பிறகு, ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்று 2002 மார்ச்சில் ஜெயலலிதா மீண்டும் முதல்வர்.

டான்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003 நவம்பரில் விடுதலையை உறுதி செய்தது. அதே தீர்ப்பில், அமைச்சர்கள் அரசுச் சொத்தை வாங்கக் கூடாது என்ற நடத்தை விதியைச் சுட்டிக்காட்டி, மனசாட்சிக்குப் பதில் சொல்லிப் பரிகாரம் தேடும்படியும், நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியும் ஜெயலலிதாவுக்குச் சொன்னது. மனசாட்சியிடம் விட வேண்டி வந்தது ஏன்? அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளுக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. மீறினால் தலைகுனிவு உண்டு, தண்டனை இல்லை.

முதல்வருக்கு 'இம்பீச்மென்ட்' உண்டா?

கிடையாது. பதவி நீக்கத் தீர்மானம் என்பது நம் நாட்டில் மிகச் சிலருக்கு மட்டும்தான். குடியரசுத் தலைவர், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள், தலைமைத் தேர்தல் ஆணையர், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்.

குடியரசுத் தலைவரை நீக்க ஒரே காரணம்தான் இருக்க முடியும். அவர் அரசியல் சாசனத்தை மீறியிருக்க வேண்டும். இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். இதுவரை ஒருவர்கூட அப்படி நீக்கப்பட்டதில்லை.

நீதிபதிகள் விஷயத்தில் காரணங்கள் இரண்டு. நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை அல்லது பணியாற்ற இயலாமை. மக்களவையில் 100 எம்.பி-க்கள் அல்லது மாநிலங்களவையில் 50 எம்.பி-க்கள் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அவைத் தலைவர் ஏற்றுக்கொண்டால் மூன்று பேர் குழு விசாரிக்கும். குற்றம் உறுதியானால் வாக்கெடுப்பு.

இந்தப் பாதையில் கடைசி வரை போன முதல் நீதிபதி ஒரு தமிழர். உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ராமசாமி. அதற்கு முன் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது, அரசு வீட்டுக்கு ஃபர்னிச்சர், கார்ப்பெட் என்று விதிகளை மீறிச் செலவு செய்தார் என்பது புகார். விசாரணைக் குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாகச் சொன்னது. 1993 மே 11-ம் தேதி மக்களவையில் வாக்கெடுப்பு. ஆதரவாக 196 ஓட்டு. எதிராக ஒரு ஓட்டுகூட இல்லை. ஆனாலும் தீர்மானம் தோற்றது! காங்கிரஸும் தோழமைக் கட்சிகளுமாக 205 பேர் அவையில் இருந்தபடியே ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. ராமசாமி பதவிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றார். 1999-ல் சிவகாசி தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளராக நின்று வைகோவிடம் தோற்றார்.

குற்றம் நிரூபணமானாலும், ஓட்டு எண்ணிக்கை இல்லாவிட்டால் பதவி போகாது. இம்பீச்மென்ட் என்ற பூட்டின் சாவி நீதிமன்றத்திடம் இல்லை, அரசியல் கட்சிகளிடம் இருக்கிறது.

மற்ற நாடுகளில் சாவி எளிதாகத் திரும்பியும் இருக்கிறது. தென் கொரியாவில் 2017-ல் பார்க் குன் ஹே, 2025-ல் யூன் சுக் யோல் என எட்டு ஆண்டுகளில் இரண்டு அதிபர்களை நாடாளுமன்றம் குற்றம்சாட்ட, அரசியல் சாசன நீதிமன்றம் வீட்டுக்கு அனுப்பியது. இதே கருவி ஆபத்தாகவும் முடியலாம். இலங்கையில் 2013 ஜனவரியில் தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவை நாடாளுமன்றத் தீர்மானத்தின் வழியே பதவி நீக்கியதை, நீதித்துறை மீதான பழிவாங்கல் என்று உலகமே விமர்சித்தது. பதவி நீக்கம் எளிதாக இருந்தாலும் சிக்கல், கடினமாக இருந்தாலும் சிக்கல்.

அமைச்சரை யார் நீக்குவது?

முதல்வர் பதவிக்குப் பெரும்பான்மைதான் காவல். அதை இழந்தால் போக வேண்டும். அமைச்சர்களை நீக்குவது முதல்வர் கையில். 2023 ஜூன் 29-ம் தேதி, கைதாகியிருந்த அமைச்சர் செந்தில் பாலாஜியை நீக்குவதாக ஆளுநர் ஆர்.என்.ரவி அறிவித்து, சில மணி நேரத்திலேயே அதை நிறுத்தி வைத்தது நினைவிருக்கலாம். முதல்வர் பரிந்துரை இல்லாமல் ஆளுநர் தானாக நீக்க முடியுமா என்ற கேள்வி அன்று இரவு முழுக்க ஓடியது.

நீதிமன்றத் தண்டனைக்கு மட்டும் இப்போது பல் கூர்மையாகியிருக்கிறது. முன்பெல்லாம் பதவியில் இருக்கும் எம்.எல்.ஏ., எம்.பி-க்கு இரண்டாண்டு தண்டனை வந்தாலும், மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால் நாற்காலி தப்பித்துவிடும். 2013 ஜூலை 10-ம் தேதி லில்லி தாமஸ் வழக்கில் அந்தச் சலுகையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டே, 2014 செப்டம்பர் 27-ம் தேதி பெங்களூரு தனி நீதிமன்றத் தீர்ப்பால் ஜெயலலிதா பதவி இழந்தார். பதவியில் இருக்கும்போதே இப்படித் தகுதி இழந்த முதல் முதல்வர் அவர்தான்.

இன்னொரு பக்கம், சட்டம் தளர்ந்தும் இருக்கிறது. ப்ளசன்ட் ஸ்டே போன்ற வழக்குகளுக்கு அடிப்படையாக இருந்தது ஊழல் தடுப்புச் சட்டத்தின் 13(1)(டி) பிரிவு. பதவியைத் தவறாகப் பயன்படுத்தி இன்னொருவருக்கு ஆதாயம் தேடித் தந்தாலே குற்றம் என்றது அது. 2018-ல் கொண்டுவந்த திருத்தத்தில் அந்தப் பிரிவே எடுக்கப்பட்டுவிட்டது. அதோடு, ஓர் அதிகாரி பணி நிமித்தம் எடுத்த முடிவு பற்றி விசாரிக்கவே முன் அனுமதி வேண்டும் என்ற 17ஏ பிரிவும் சேர்ந்தது. நேர்மையாக முடிவெடுக்கும் அதிகாரிகள் பயமின்றி வேலை செய்யத்தான் இது என்றது அரசு. ஆனால், விதியை வளைத்தவருக்கும் அதே குடைதான் நிழல் தருகிறது.

30 நாள் தொடர்ந்து காவலில் இருந்தால் பிரதமர், முதல்வர், அமைச்சர் யாரானாலும் பதவி போகும் என்ற 130-வது அரசியல் சாசனத் திருத்த மசோதா 2025 ஆகஸ்ட்டில் மக்களவையில் அறிமுகமாகி, கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. எதிர்க்கட்சிகளின் கேள்வி நியாயமானதுதான். கைது செய்வது போலீஸும் அமலாக்கத்துறையும். தீர்ப்பே வராமல் பதவி போகலாமா?

கையெழுத்து போடும் அதிகாரிகள்

அரசு அதிகாரிகளுக்கு இம்பீச்மென்ட் இல்லை. துறை விசாரணை, அதன்பின் பணி நீக்கம். அதற்குச் சாசனத்தின் 311-வது பிரிவு பாதுகாப்பு. விசாரணை ஆமை வேகத்தில் போனால் என்ன ஆகும் என்பதற்கும் தருமபுரி மாவட்டமே சாட்சி.

1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனம், காவல், வருவாய் என மூன்று துறையினரும் வாச்சாத்தி மலைக்கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29-ம் தேதி தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. இடையே ஓடியது 31 ஆண்டுகள்.

ஊராட்சித் தலைவருக்கு மட்டும் ஒரு தாள் போதும்

இவ்வளவு பெரிய பதவிகளுக்கு இவ்வளவு கனமான பூட்டு. நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவருக்கு?

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. அதன் 205-வது பிரிவுதான் கிராமத்து இம்பீச்மென்ட். சட்டத்தையோ, விதிகளையோ, சட்டப்படியான உத்தரவையோ வேண்டுமென்றே மீறினாலும், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலும் தலைவர் மீது கலெக்டர் நடவடிக்கை எடுக்கலாம். தானாகவும் எடுக்கலாம், வார்டு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்திட்டுக் கேட்டாலும் எடுக்கலாம். முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ். விளக்கம் திருப்தி இல்லையென்றால் தாசில்தார் ஊராட்சிக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்வார். அதைப் பார்த்துக் கடைசி முடிவெடுப்பது கலெக்டர்.

மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரை, ஓட்டே வாங்காத ஓர் அதிகாரி நீக்க முடிகிறது. நாற்காலி உயர உயரப் பூட்டு கனமாகிறது. கீழே வர வர ஒரு தாளிலேயே வேலை முடிகிறது. தவறு செய்யும் தலைவரை நீக்க வழி வேண்டும்தான், அதில் மறுப்பில்லை. தெருவிளக்குப் பணத்தில் கை வைத்தவருக்கு இருக்கும் பயம், அரசாணையையே வளைப்பவருக்கு ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

தருமபுரி மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்காமலே நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. ஊர்க்காரர்கள் ஓட்டால் அனுப்பவும் முடியாத, வார்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு நீக்கவும் முடியாத நிர்வாகம் அது.

மிச்சம் இருப்பது கிராம சபை. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம் என ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கை அங்கே வைத்தாக வேண்டும். 'இந்தக் கட்டடத்துக்கு அனுமதி எத்தனை மாடிக்கு?' என்று எழுந்து கேட்க எந்த வக்கீலும் தேவையில்லை. கொடைக்கானலில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டதும் அமைச்சரோ அதிகாரியோ அல்ல, ஊரை நேசித்த சாதாரண மனிதர்கள்தான்.

இலக்கியம்பட்டி வழியாக இன்றைக்கும் கல்லூரி பஸ்கள் போகின்றன. 2000-ல் அந்த வழியே வந்த மூன்று பேர் உயிரோடு இருந்திருந்தால் இப்போது நாற்பதுகளின் நடுவில் இருப்பார்கள். வேளாண்மை அதிகாரிகளாக ஆகியிருக்கலாம். ஏதோ ஒரு கோப்பு அவர்கள் மேஜைக்கும் வந்திருக்கும். விதிப்படிதானா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.